மகிழடிச் சத்தியம்

இறைவனுக்கே தோழரானவர், ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் அது குற்றமா? திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் மாசிப் பெருவிழாவில் நடக்கும் மகிழடி சேவை இந்தக் கேள்வியோடு தொடர்புடையது. இதன் கதையை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார்.

இக்கதையின் நாயகி சங்கிலியார் ஞாயிறு என்னும் ஊரின் வேளாளர் குடியில் பிறந்தவர். திருமணப் பேச்சை மறுத்து, ஒற்றியூர்க் கன்னிமாடத்தில் தங்கி, கோயிலுக்கு மாலை தொடுத்து வந்தார். இறைவனின் தோழரான சுந்தரர், நரசிங்க முனையரையர் என்ற மன்னர் எடுத்து வளர்த்த பிள்ளை. அரசத் திருவோடு வளர்ந்தவர். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்தவர். ஒற்றியூருக்கு வந்து, திரைக்கு அப்பால் சங்கிலியாரைக் கண்டதும், அவரைத் தமக்குத் தரும்படி இறைவனிடமே கேட்டார்.

இறைவன் சங்கிலியாரின் கனவில் வந்து சுந்தரரை மணக்கச் சொன்னபோது, சுந்தரர் ஆரூரில் மகிழ்ந்து வாழ்பவர் ஆயிற்றே என்றார் சங்கிலியார். நியாயமான அச்சம் அது. பிரியேன் என்று சத்தியம் செய்வார் என்றார் இறைவன். சுந்தரரோ, சத்தியம் செய்யும் நேரத்தில் சன்னதியை விட்டு மகிழ மரத்தடியில் இருக்கும்படி இறைவனை வேண்டிக்கொண்டார். இறைவன் அதற்கு இசைந்தார். சங்கிலியாரிடமும் அதைச் சொல்லிவிட்டார்.

விடியலில், சத்தியம் செய்ய சுந்தரர் சங்கிலியாரைச் சன்னதிக்கு அழைத்தார். இதற்காக இறைவன் திருமுன் சத்தியம் வேண்டாம், மகிழடியே போதும் என்றனர் சங்கிலியாரின் தோழியர். சங்கிலியாருக்குக் காவலாக நின்றவர்கள் இந்தத் தோழியர்தான். அகப்பாடல்களில் தலைவனை மடக்கி மணத்துக்கு வற்புறுத்தும் தோழியின் குரலே இங்கும் கேட்கிறது. மறுத்தால் மணம் நடக்காது. திகைத்த சுந்தரர் மரத்தை மும்முறை வலம் வந்து சத்தியம் செய்தார்.

மணம் நடந்தது. பிறகு வசந்தம் வந்தது, ஆரூர் நினைவு சுந்தரரை இழுத்தது. சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் அவரது இரு கண்களும் பார்வை இழந்தன. சங்கிலிக்காகவே கண்ணைப் பறித்தாய் என்று திருமுல்லைவாயில் பதிகத்தில் அவரே முறையிடுகிறார். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் ஆரூரிலும் கிடைத்தன.

பக்தி பெரிதென்பதால் வாக்குச் சிறிதாகிவிடாது என்பதே இக்கதையின் தீர்ப்பு. இறைவன் தோழனின் ஆசைக்குத் தூது போனார். அவரது தந்திரத்துக்குத் துணை போகவில்லை. ஆனால் பெண்ணின் பக்கம் கணக்கு முடியவில்லை. சுந்தரர் ஒற்றியூருக்குத் திரும்பி வந்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை.