இன்னைக்கு வேண்டாம் என்றால்?

அக்கா மகளுக்கு 13 வயது. கோவில்பட்டியில் எட்டாம் வகுப்பு. போன கோடையில் கடலை மிட்டாய் போடும் இடத்துக்குப் போய், வெல்லப்பாகுக்குப் பதம் பார்ப்பதை மொபைலில் எடுத்து, தன் கரிசல் பேச்சிலேயே விளக்கிப் போட்டாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். நானும் ஆபீஸில் எல்லோருக்கும் அனுப்பிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பிறகு வீட்டுக்கு ரிங் லைட் வந்தது. ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் கேட்டது. தீபாவளிக்கு முன்னால் நான் ஊருக்குப் போனபோது அவளுக்குக் காய்ச்சல். "ஒரே ஒரு வீடியோ தாயி, அத மட்டும் முடிச்சிட்டுப் படுத்துக்கோ" என்றார் அத்தான். குரலில் பாசம்தான் இருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க அய்யாவும் இப்படித்தான் சொல்லுவாரு. இன்னும் ஒரு குரோஸ் ஒட்டிட்டுப் படும்பாரு."

அம்மா ஒன்பது வயதில் தீப்பெட்டி ஒட்டியவள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. மழை பொய்த்த வருஷங்களில் தீப்பெட்டி ஆபீஸ்தான் இந்தப் பூமிக்குக் கஞ்சி ஊற்றியது. அந்தத் தாத்தாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அது தப்பு என்று நாடு ஒருநாள் முடிவு செய்தது. சிவகாசி ஆலைகள் பற்றிய வழக்கில், ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வீடியோவுக்கு முதலாளி யார்? சினிமாவில் குழந்தை நடித்தால் ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது அதன் பெயரில் வங்கியில் போட வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. படுக்கையறையில் எடுக்கும் வீடியோவுக்கு வந்து யார் மணி பார்ப்பார்கள்? பிரான்ஸ் 2020இல் இதற்கென்றே சட்டம் போட்டது: 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வருமானத்தைப் பாதுகாத்து வைக்க வேண்டும்; தன் வீடியோவை நீக்கச் சொல்லும் உரிமை குழந்தைக்கே உண்டு.

அப்போ மொபைலைப் பிடுங்கிவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை. இடைசெவல் இங்கே பக்கத்தில்தான். கி.ரா. இந்தப் பேச்சை இலக்கியமாக்கி, கரிசல் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். அதே பேச்சை ஒரு பொண்ணு கூச்சமில்லாமல் உலகத்துக்குப் பேசுகிறாள். அதை நிறுத்தச் சொல்ல நான் யார்?

பிரச்சினை வீடியோ எடுப்பதில் இல்லை, நிறுத்த முடியாமல் போவதில்தான். ஆள் எந்த நேரத்தில் திரும்பி வருவார் என்று பார்த்து நோட்டிஃபிகேஷன் அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. அந்தக் கணக்கில் காய்ச்சலுக்கு இடம் கிடையாது. அதனால் வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்: "இன்னைக்கு வேண்டாம்" என்று அவள் சொன்னால் நிற்குமா? 20 வயதில் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னால் அழிப்போமா? காசு அவள் பெயரில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாக எடுக்கட்டும். இல்லையென்றால் அது வேலை. வீட்டுக்குள் நடக்கிறது என்பதால் வேறாகிவிடாது.

அத்தானிடம் இதைக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கடைக்காரர்ட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன் மாப்ள" என்றார்.

தீப்பெட்டி ஆபீஸிலும் அட்வான்ஸ்தான் கொடுத்தார்கள். பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். அன்று அவள் தூங்கினாள். அடுத்த அட்வான்ஸுக்கு நான் ஊரில் இருக்க மாட்டேன்.