கொட்டடியும் குகையும்

தனிக்கொட்டடியில் அடைபட்டவர் அரசியல் கவிதை எழுதினால் அதை யாருக்காக எழுதுகிறார்? அரசியல் கலைக்குக் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆளை இல்லாமல் செய்வதே இந்தத் தண்டனையின் வேலை.

சைவ மரபில் இதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் ஏழு நாள் நீற்றறையில் அடைத்தான் என்கிறது பெரியபுராணம். சுண்ணாம்புச் சூட்டுக்குள் அவர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம், குளுமையான பொருள்களை வரிசையாக அடுக்கித் தொடங்குகிறது. மன்னனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சூட்டில் போட்டவனுக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு இருக்க முடியாது. ஆள் இல்லாத இடத்தில் இறைவனே கேட்பவன் ஆகிறான்.

விடுதலைப் போராளி அரவிந்தரின் பதில் வேறு. அவர் 1908 மே மாதம் கைதாகி ஓராண்டு அலிப்பூர் சிறையில் இருந்தார். அவர் கொட்டடி ஒன்பதடி நீளம், ஐந்தாறு அடி அகலம், ஜன்னல் கிடையாது. செவ்வெறும்புகளைக் கறுப்பெறும்புகள் தாக்கியபோது செவ்வெறும்புகளைக் காப்பாற்ற முயன்றதைப் பின்னர் எழுதியிருக்கிறார். பேச்சுத் துணைக்கு ஏங்கிய மனம் எறும்பிடமும் உறவு தேடியது. அங்கே இயற்றிய ‘இன்விடேஷன்’ என்ற ஆங்கிலக் கவிதையோ, காற்றிலும் புயலிலும் தன்னோடு மலையேற வருபவர் யார் என்று அழைக்கிறது. தனியே கிடந்தவர் எழுதியது கூட்டத்துக்கான அழைப்பு.

சிறையில்தான் அவருக்கு வாசுதேவ தரிசனம் கிடைத்தது என்பதால், கொட்டடியும் ஒரு தவச்சாலைதான் என்று சொல்பவர்கள் உண்டு. இது தவறு. திருவண்ணாமலையில் ரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் தங்கினார். அந்தத் தனிமை அவரே தேடிக்கொண்டது. அவரை அடைத்து வைக்க அங்கே காவலரும் இல்லை, வெளிப்பூட்டும் இல்லை. கொட்டடியின் பூட்டுச் சாவியோ அடைத்தவனிடம். விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். அதை யாரும் தவப்பயன் என்பதில்லை. கவிதை பிறந்தால் பெருமை கவிஞருக்கு உரியது, சிறைக்கு அதில் பங்கு கிடையாது.

தனிக்கொட்டடி பழங்கதை அல்ல. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் ஒருவரைத் தனிமையில் அடைக்கக் கூடாது என்கின்றன 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள். இந்தியாவில் 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் ஒரு தடவைக்கு 14 நாள், மொத்தம் மூன்று மாதம் என்று இத்தண்டனைக்கு வரம்பு வைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தப் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன.