உதிர்ந்தது யாருக்கு உரியது?

மேலைநாடுகளில் இலையுதிர்காலம் வந்ததும் காய்ந்த இலைகளையும் விதைக்கூடுகளையும் பொறுக்கிவந்து வீட்டை அலங்கரிக்கும் வழக்கம் உண்டு. கண்டியில் அத்தகைய பருவம் இல்லை. ஒக்டோபரிலும் நவம்பரிலும் இங்கு பெய்வது மழையே. எனினும் உதிர்வு இங்கும் நிகழ்கின்றது. ஆண்டின் முதன் மாதங்களில் வறட்சி தொடங்கும்போது நாட்டுவாதுமை இலைகள் செந்நிறம் பெற்று வீழ்கின்றன. மஹோகனிக் காய்கள் வெடித்துச் சிறகு விதைகளைப் பறக்கவிட, அவற்றின் ஓடுகள் தரையிற் கிடக்கின்றன. ஹந்தானைச் சரிவுகளிலுள்ள பைனஸ் தோப்புகளிற் கூம்புகள் உருளுகின்றன. இவற்றைச் சேகரித்து மாலையாகக் கோத்தும் தட்டில் அடுக்கியும் முன்னறையை அழகுசெய்வோர் பேராதனைச் சூழலிலும் உளர். பணச் செலவற்ற, எவருக்கும் தீங்கு செய்யாத பொழுதுபோக்கு என்றே இது கருதப்படுகின்றது. அக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

தீங்கில்லை என்போர், உதிர்ந்த பொருளுக்கு உடையவர் இல்லை என்பதை அடிப்படையாகக் கொள்கின்றனர். ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக், 1689 இல் வெளியான அரசாங்கம் பற்றிய தமது நூலில், ஓக் மரத்தடியிற் கொட்டை பொறுக்கி உண்பவனை எடுத்துக்காட்டாகக் கொண்டார். பொறுக்கும் உழைப்பே அக்கொட்டையை அவனுக்கு உரியதாக்குகின்றது என்பது அவரது வாதம். ஆயின் அவர் இரு வரையறைகளையும் விதித்தார். பிறருக்குப் போதிய அளவும் அதே தரத்திலும் எஞ்சியிருத்தல் வேண்டும். எடுத்தது பயனின்றிப் பழுதாகாதிருத்தல் வேண்டும். இவ்வரையறைகளை விடுத்து வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோரே பலர்.

நடைமுறை உலகிலோ உதிர்ந்ததற்கும் உடையவர் தோன்றிவிட்டனர். ஜேர்மனியின் ரைன் மாகாணத்திற் காட்டில் வீழ்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதையும் களவெனக் கொள்ளும் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, 1842 இல் கார்ல் மார்க்ஸ் அதனைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது 24. மரத்தை விட்டுப் பிரிந்த சுள்ளியைப் பொறுக்குவதும் நிற்கும் மரத்தை வெட்டுவதும் ஒன்றல்ல; பொறுக்குதல் ஏழைகளின் வழக்குரிமை என்பது அவர் நிலைப்பாடு. அதற்கு இரு ஆண்டுகள் முன்னரே இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், மாறாக நிறுவப்படும்வரை காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியன எனக் கொண்டது. கண்டி மலைநாட்டுக் காடுகளிற் பெரும்பகுதி பின்னர்க் கோப்பித் தோட்டமாகவும் தேயிலைத் தோட்டமாகவும் மாறியதற்கு இச்சட்டம் வழிகோலியது.

இவ்வரலாற்றின் நிழல் இன்றும் மறையவில்லை. தேயிலைக் கவ்வாத்தில் வீழும் மிலாறுகளைக் கட்டித் தலையிற் சுமந்து லயத்திற்குத் திரும்பும் பெண்ணை மலைநாட்டுப் பாதைகளிற் காணலாம். அவளது அடுப்பு அதனால் எரிகின்றது. அவள் எல்லை தாண்டிக் காட்டிற் சுள்ளி பொறுக்கினால் அது களவு எனப்படும். அதே பாதையில் ஒருவர் காரை நிறுத்திப் பை நிறையக் கூம்புகளைப் பொறுக்கினால் அவர் இயற்கை இரசிகர் எனப்படுவார். குனிந்து எடுக்கும் செயல் ஒன்றே, பெயர்கள் இரண்டு. தேவைக்கு எடுப்பது குற்றமாகவும் அழகிற்கு எடுப்பது இரசனையாகவும் தோன்றும் சமூகத்தில், பழுது எடுத்த கையில் அன்று, அளக்கும் கோலில் உள்ளது.

அவ்வாறாயின் அழகிற்காக எடுத்தல் தவறா? அங்ஙனம் கூறுதலும் பொருந்தாது. லயத்து அறையின் வாயிலிலும் தைப்பொங்கலன்று மாவிலைத் தோரணம் ஆடுகின்றது. அழகு வசதியுடையோரின் தனியுடைமை அன்று. வறியவரின் வாழ்விலும் அது ஒரு தேவையே. அம்மாவிலை உதிர்ந்ததும் அன்று, மரத்திலிருந்து பறிக்கப்பட்டது. ஆயினும் அயல் வீட்டு மரமாயின் கேட்டே பறிப்பர். பௌத்தரின் பஞ்சசீலத்தில் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடாமை. வள்ளுவரும் கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்துத் துறவறவியலில் வைத்தார். எனவே பறித்ததா, உதிர்ந்ததா என்பதிலும் பார்க்க, கொடுக்கப்பட்டதா என்பதே முதன்மையான வினா.

அயலவரைக் கேட்கலாம், காட்டைக் கேட்பது எங்ஙனம்? கேட்க இயலாதவிடத்து அறிதல் கடமையாகின்றது. தலதா மாளிகைக்குப் பின்னே, ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்பில் உடவத்தகலே வனம் உள்ளது. 1856 இல் ஒதுக்குக்காடாகவும் 1938 இற் சரணாலயமாகவும் அது பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கு வீழும் இலை வீணாவதில்லை. அது மக்கி மரத்திற்கே உணவாகின்றது, சரிவு மண்ணை மழை அரிக்காது காக்கின்றது, சிற்றுயிர்களுக்கு உறைவிடமாகின்றது. அவ்விலை முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது, மண்ணுக்கு. ஹந்தானைப் பைனஸ் தோப்பின் நிலை வேறு. பைனஸ் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து நடப்பட்ட மரம். அதன் ஊசியிலைகள் மெல்லவே மக்குவதாற் படையாகத் திரண்டு வறட்சியில் எளிதிற் தீப்பற்றுகின்றன. அங்கு விதையுதிர்த்த கூம்புகள் சிலவற்றை எடுப்பதால் மண் பெரிதும் இழப்பதில்லை. இரண்டும் உதிர்ந்தவையே, ஆயினும் ஒன்றை விடுதலும் மற்றையதை எடுத்தலும் நெறியாகலாம். இடத்தை அறியாத நல்லெண்ணம் மாத்திரம் இங்கு வழிகாட்டாது.

ஒருவர் எடுக்கும் சிலவற்றால் என்ன குறையும் என்பர். ஒருவரால் ஒன்றும் குறையாதிருக்கலாம். ஆனால் அவ்வாறே எண்ணி வருவோர் பலராயின் லொக் கூறிய எச்சம் எஞ்சாது. மேலும், தனக்கு வேண்டிய இச்சலுகையைச் சுள்ளி பொறுக்குபவளுக்கும் வழங்க எடுப்பவர் ஒருப்படுவாரா? ஒருப்படாராயின் அவர் தமக்குக் கோருவது உரிமையன்று, தனிச்சலுகை.

மாவிலைத் தோரணம் இவ்வகையில் ஒரு நல்லாசான். அது சில நாள்களில் வாடும். வாடியதும் கழற்றப்பட்டு மரத்தடிக்கே எருவாகும். அளவாக எடுத்து, கேட்டு எடுத்து, பயன் முடிந்ததும் மண்ணுக்குத் திருப்பும் முறை அதில் அடங்கியுள்ளது. உதிர்ந்ததை எடுக்கக் குனிபவர் முதலில் மண்ணையும், அடுத்து அடுப்பையும், அதன் பின்னர்த் தம் முன்னறையையும் நினைப்பாராயின், அவர் வீட்டு அலங்காரம் எவருடைய இழப்பாலும் ஆனதாயிராது.