எல்லாருக்கும் சம்மதந்தானே?

எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு வழக்கம். தீர்மானத்தை எழுதுவதற்கு முன்னால் 'எல்லாருக்கும் சம்மதந்தானே?' என்று ஒருத்தர் கேட்பார். யாரும் பேசமாட்டார்கள். நோட்டில் 'ஒருமனதாக' என்று எழுதிவிடுவோம். பல வருசம் நானே எழுதியிருக்கிறேன். அந்த மவுனத்துக்குள் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றியதில்லை.

ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்கிறார்கள். ஊர் என்றால் யார்? ஊர் வேறு சேரி வேறு என்று பிரித்துவைத்த மண்ணில், 'ஊர் கூடி எடுத்த முடிவில்' சேரி எப்போது கூடியது? தூரத்தில் கைகட்டி நின்று தீர்ப்பைக் கேட்டுக்கொண்டதுதான் நம் பாட்டன் பூட்டனுக்குக் கிடைத்த பங்கு. 1948 நவம்பர் 4-இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், வரைவுச் சட்டம் கிராமத்தை விட்டுவிட்டுத் தனி மனிதரை அலகாகக் கொண்டதை வரவேற்றார். கிராமத்தின் 'ஒருமனம்' எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தையே எடுத்துக்கொள்வோம். 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துகள். பத்து வருசம் அங்கே தலைவர் நிலைக்கவில்லை. ஒன்று, மனுவே தாக்கலாகாது. இல்லையென்றால் ஆதிக்க சாதியினர் நிறுத்திய ஆள் ஜெயித்து, ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக்கொடுப்பார். காகிதத்தில் பார்த்தால் சண்டையில்லை, சச்சரவில்லை, எல்லாம் சம்மதத்தோடு! சம்மதிக்காமல் நின்றால் என்ன ஆகும் என்பதை அதே மாவட்டத்து மேலவளவு 1997 ஜூன் 30-இல் காட்டியது. பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகு ஒருத்தர் 'எனக்குப் பதவி வேணாஞ்சாமி' என்றால் அதற்குப் பெயர் விருப்பமா? 2006 அக்டோபரில்தான் அந்த ஊர்களில் தேர்தல் ஒழுங்காக நடந்தது.

பதவி கிடைத்துவிட்டால் மட்டும்? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-இல் பஞ்சாயத்துத் தலைவியான தலித் பெண் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. தரையில் உட்கார வைக்கப்பட்டவர் வாய் திறந்து என்ன பேசிவிட முடியும்?

இதையெல்லாம் மேடையில் பேசுகிற நாமும் யோக்கியர்கள் இல்லை தோழர்களே. ஒருநாள் கூட்டம் முடிந்ததும், நடவுக்குப் போகிற அக்கா ஒருத்தர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டம் போடுறீங்க தம்பி. உலை வைக்கிற நேரம். ஓடியாந்து டீயப் போட்டுக் குடுத்துட்டு ஓடணும். நீங்க பேசுனது பாதி காதுல விழாது. எல்லாருக்கும் சம்மதமான்னா நான் என்னத்தச் சொல்ல? வீட்டுக்குப் போயித்தான் மனசு கெடந்து அடிச்சுக்கும்."

'ஒற்றுமை குலையக்கூடாது' என்று எத்தனை பேர் வாயை இப்படி அடைத்திருக்கிறோம்! மறுத்துப் பேசியவர் மறுநாளும் அதே திண்ணையில் மனக்கூச்சம் இல்லாமல் வந்து உட்கார முடிகிறதா? சங்கமோ ஆபீசோ ஆலையோ, நான் இப்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன்.

கூட்டத்தை ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றினோம். முதல் கூட்டத்திலேயே அந்த அக்கா என் தீர்மானத்தை எதிர்த்தார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன். பழக்கதோசத்தில் 'ஒரு' என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டு, எதிர்த்தவர் 4 பேர் என்று எழுதினேன். அன்றைக்கு டீயைக் கடையில் வாங்கினோம்.