மடிப்பு

எந்தத் துணியை மடிப்பது, எதைத் தொங்கவிடுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அலமாரியின் முன் இந்த வழக்கு எழுந்தது. சட்டைகளுக்குத் தீர்ப்பு எளிது: இஸ்திரி கலையாதிருக்கத் தொங்கவேண்டும். கம்பளிக்கும் எளிது: தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே இழுபட்டு உருவம் கெடும், மடிக்கவேண்டும்.

அம்மாவின் கூறைப் புடவை வந்தபோதுதான் வழக்கு சிக்கலாயிற்று. காஞ்சிபுரம் பட்டு. வெகு நாள் தொங்கினால் சரிகையின் கனம் பட்டை இழுக்கும். ஆகையால் மடித்து, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்து, அம்மாவின் நினைவாகப் போற்றி வந்தோம். அன்று பிரித்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் நீளக் கோடாகப் பட்டு இற்றிருந்தது. பூச்சி அரிக்கவில்லை, ஈரம் தொடவில்லை. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்ததுதான் குற்றம். ஒரே இடத்தில் வளைந்து கிடந்தால் சரிகை ஒடியும். பட்டும் கூடவே இறும்.

"3 மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைக்கச் சொன்னார்களே அத்தை!" என்றாள் என் மனைவி.

சொன்னது உண்மைதான். தொடாமல் வைத்திருப்பதையே மரியாதை என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

ஊரில் சித்தி இருக்கிறாள். 'அவள் எங்களுக்குத் தெய்வம்' என்று எல்லாரிடமும் சொல்கிறேன். போய்ப் பார்த்து 2 வருஷமாகிறது. புடவைக்கு நேர்ந்தது மனிதருக்கு நேராதா?

புடவையை மடிப்பு மாற்றி வைத்தோம். மறுநாள் காலை நான் ரயிலேறினேன்.