இரண்டு வாசலுக்கு நடுவே

நேற்று ஆதிசங்கரரின் தாய் ஆர்யாம்பாள் கதை சொன்னேன். காலடியில் ஆற்றில் இறங்கிய பாலசங்கரனின் காலை முதலை கவ்வுகிறது. "சந்நியாசத்துக்குச் சம்மதம் கொடம்மா, முதலை விட்டுவிடும்" என்கிறான் பிள்ளை. கரையில் நிற்கிறவள் கொடுத்துவிடுகிறாள். கூட்டம் கலைந்த பிறகு ஒரு அம்மா மேடையருகே வந்து, "அவள் மனசாரக் கொடுத்தாளா, வேறு வழியில்லாமல் கொடுத்தாளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

பதில் எங்கே கிடைத்தது தெரியுமா? ஒரு பொம்மைப் படத்தில். சிரிக்காதீர்கள். என் பேத்தி முன்னொரு நாள் போட்டுக் காட்டிய ஜப்பானியப் படம். மமோரு ஹொசோடா எடுத்தது, 2012-இல் வந்தது. 'ஓநாய்க் குழந்தைகள்' என்று பெயர்.

ஹனா என்று ஒரு கல்லூரிப் பெண். அவள் காதலித்தவன் மனிதனும் ஓநாயுமாக இருக்கிறவன். யூகி, அமே என்று இரண்டு குழந்தைகள். யூகி என்றால் பனி, அமே என்றால் மழை. பிறந்த நாளில் எது பெய்ததோ அதுவே பெயர். இரண்டாவது பிறந்த கையோடு தகப்பன் இறந்துபோகிறான். ஒரு நாள் மகள் எதையோ விழுங்கி வாந்தி எடுக்கிறாள். அள்ளிக்கொண்டு ஓடிய தாய், நடுத்தெருவில் நின்றுவிடுகிறாள். ஒரு பக்கம் குழந்தை மருத்துவமனை, மறு பக்கம் கால்நடை மருத்துவமனை. எந்த வாசலுக்குள் நுழைவது? எனக்கு அந்தக் காட்சி போதும். நம் வீட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாமும் அங்கேதானே நிற்கிறோம்? இவன் எந்த ஜாதிப் பிராணி என்று பெற்றவளுக்கே தெரிவதில்லை!

அவள் மலைக்கிராமத்துக்குக் குடிபோகிறாள். பிள்ளைகள் மனிதராகவோ ஓநாயாகவோ, எது பிடிக்கிறதோ அதைத் தேர்ந்துகொள்ளட்டும் என்பதற்காக. எவ்வளவு பெரிய மனசு! போட்ட பயிரெல்லாம் வாடுகிறது. நிராசாகி என்ற கிழவர் ஒருவர், 'என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது' என்று சிடுசிடுத்துக்கொண்டே உருளைக்கிழங்கு போடக் கற்றுத்தருகிறார். குருமார்களில் இப்படியும் ஒரு ரகம் உண்டு.

ஒரு பனிநாளில், பயந்தாங்கொள்ளி அமே மீன்கொத்தியைப் பிடிக்கப் பாய்ந்து ஆற்றில் விழுகிறான். அக்காள் இழுத்துப் போடுகிறாள். கரையேறியவன் பழைய அமே இல்லை. பார்த்தீர்களா, இங்கேயும் ஆறு. முதலைதான் இல்லை. அதன் பிறகு மலையில் ஒரு கிழட்டு நரியைக் குருவாக வரித்துக்கொள்கிறான்.

தேர்ந்துகொள் என்று சொன்ன தாய் இப்போது என்ன செய்கிறாள்? "மலைக்குப் போகாதே, உனக்குப் பத்து வயசுதான்" என்கிறாள். ஓநாய்க்குப் பத்து வயது முழு வயது என்று அவளுக்கே தெரியும். 'உன் இஷ்டம்' என்று நாம் சொல்வதெல்லாம், அவன் இஷ்டம் நம் இஷ்டமாக இருக்கும்வரைதான்.

புயல் மழையில், மலைக்குப் போய்விட்ட மகனைத் தேடிப்போய்ச் சரிவில் விழுந்தவளை அமேதான் தூக்கிவந்து கிடத்துகிறான். கண்விழித்தவள், "உனக்கு நான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே" என்று கதறுகிறாள். அவன் பாறையேறிப் போய் உச்சியில் நின்று ஊளையிடுகிறான். அதைக் கேட்ட பிறகுதான் முகம் மலர்ந்து, நன்றாக இரு என்கிறாள்.

அம்மா, நேற்றுக் கேட்டீர்களே, இதுதான் பதில். வேறு வழியில்லாமல்தான் கொடுத்தாள். மனசு அப்புறம் வந்து சேர்ந்தது. ஆர்யாம்பாளுக்காவது, கடைசிக் காலத்தில் வந்து காரியம் செய்வேன் என்று பிள்ளை வாக்குக் கொடுத்தான். சந்நியாசி செய்யலாகாது என்று ஊர் தடுத்தும் வந்து செய்தான். ஹனாவுக்கு அந்த வாக்கும் கிடையாது. யூகியும் பள்ளி விடுதிக்குப் போய்விடுகிறாள். மலைவீட்டில் தனியாக இருக்கிற தாய்க்கு எப்போதாவது ஓர் ஊளை கேட்கிறது. அவ்வளவுதான் வரும்படி.

நாளை கஜேந்திர மோட்சம். அங்கேயும் ஒரு முதலை உண்டு. ஆறரைக்கே ஆரம்பித்துவிடுவேன், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.