கூடு மாறிய எஞ்சின்

ஒரு பொருளின் உள்ளுறுப்பை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்த பின்னும் அது அதே பொருள்தானா என்னும் வினா இந்தியத் தத்துவ மரபில் மிகப் பழையது. அந்த வினா, கடாரம் என்று சோழர் வழங்கிய இன்றைய கெடாவில், அலோர்ஸ்டாரை ஒட்டிய மெர்கோங் முதல் சுங்கைப்பட்டாணி, கூலிம் வரை கார்ப் பட்டறைகள் உள்ள எந்த ஊரிலும் எழக்கூடியது. ஜப்பானில் பிறந்த டர்போ எஞ்சினை மலேசியக் காரின் உடலில் ஏற்றும் வழக்கமே அதற்குக் காரணம்.

டர்போ என்பது எஞ்சின் வெளியேற்றும் புகையின் விசையைக் கொண்டே உள்ளே போகும் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவியாகும். புகை ஒரு சிறு சுழலியைச் சுற்ற, அதே அச்சின் மறுமுனையில் உள்ள சுழலி காற்றை நெருக்கி அனுப்புகிறது. காற்று கூடுவதால் எரிபொருளையும் கூட்டி எரிக்க முடிகிறது. சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் ஆற்றலைத் தருகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருத்தை, 1979-இல் நிசான் செட்ரிக், குளோரியா கார்களின் வழியே ஜப்பான் தன் சாலைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு அங்கே நடுத்தர வருவாய்க் குடும்பத்தின் கார்களிலும் அது இடம்பிடித்தது. கழித்த மூச்சே உள்மூச்சுக்கு வலுவாகும் இவ்வமைப்பைக் காணும் தமிழ் வாசகருக்கு, மூச்சை உள்ளிழுக்கும் பூரகமும் வெளிவிடும் இரேசகமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் யோகி மூச்சை அடக்கக் கற்கிறார், டர்போவோ மூச்சைப் பெருக்குகிறது என்பதால் அவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுக்க இயலாது.

1993-இல் வெளிவந்த மலேசியக் காரான புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லான்சரை அடியாகக் கொண்டது. அதனால் லான்சர் ஜிஎஸ்ஆர் காரின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சினைத் தாங்கும் இடங்கள் வீராவிலும் பெரும்பாலும் பொருந்தின. 90 குதிரைத்திறன் அளவில் ஓடிய 1.5 லிட்டர் கார் 195 குதிரைத்திறன் கொண்டதாக மாறிற்று. ஜப்பானில் கார் பழையதாக ஆக ஆகக் கட்டாயச் சோதனைச் செலவு சுமையாவதால், நல்ல நிலையில் உள்ள கார்களே கழிக்கப்பட்டன. அவற்றின் முன்பாதியை எஞ்சின், கியர்பாக்ஸ், வயர்க்கட்டு, கணினிப் பெட்டி ஆகியவற்றோடு அறுத்து அனுப்பினார்கள். பட்டறைகளில் ‘ஹாஃப் கட்’ எனப்படுவது இதுவே. பெரோடுவாவின் 660 சிசி கஞ்சில் காருக்கும் அதே கொள்ளளவுள்ள, 64 குதிரைத்திறன் கொண்ட டைஹாட்சு டர்போ எஞ்சின் இவ்வாறே வந்து சேர்ந்தது. புதிய ஜப்பானிய டர்போ காரை விலை கொடுத்து வாங்க இயலாத இளைஞருக்கு இதுவே கைக்கெட்டிய வழி.

இனி, அந்த வீரா வீராதானா? ‘மிலிந்த பஞ்ஹா’ என்னும் பாலி நூலில் பௌத்தத் துறவி நாகசேனர், மிலிந்த மன்னன் ஏறிவந்த தேரையே எடுத்துக்காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, உறுப்புகளின் கூட்டத்துக்கு வழங்கும் பெயரே தேர் என்றும், அதற்குள் தனியே ஒரு தேர்ப்பொருள் இல்லை என்றும் நிறுவுகிறார். அரசின் ஆவணமோ அவ்வளவு தூரம் போவதில்லை. காரின் பதிவில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்கின்றன. எஞ்சினை மாற்றினால் சோதனைக்குட்பட்டுச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலுடன் அந்த எண்ணைத் திருத்திக்கொள்ளலாம், சேசிஸ் எண்ணைத் தொடுவதோ குற்றம். சட்டத்தின் பார்வையில் உடலே கார்.

சைவ சித்தாந்தம் இவ்விரண்டையும் ஏற்காது. மெய்கண்டாரின் சிவஞான போதம் மூன்றாம் சூத்திரத்தில், ‘என் உடல்’ என்று சொல்பவன் உடலினும் வேறானவன் என்னும் முறையில் உயிரை நிறுவுகிறது. ‘என் கார்’ என்பவரும் அவ்வாறே காரினும் வேறானவர். எஞ்சினை உயிர் என்று உருவகிப்பது பழகிய வழக்காயினும், சித்தாந்த நோக்கில் எஞ்சினும் சடமே, அறிவுடைய பொருள் ஓட்டுநர் ஒருவரே.

எனினும் இவ்வினாவுக்கு மிக நெருங்கிய விளக்கம் பெரியபுராணம் கூறும் திருமூலர் வரலாற்றில் இருக்கிறது. கயிலையிலிருந்து வந்த யோகியார், சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க அவனைச் சூழ்ந்து பசுக்கள் கதறுவதைக் கண்டு, தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு அவன் உடலில் புகுந்தார். இதனைக் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்பர். புகுந்த பின் அவர் செய்த முதற்செயலே கருத்துக்குரியது: பசுக்களை மேயவிட்டு, நீர் காட்டி, மாலையில் அவற்றை வீடு சேர்த்தார். மூலனின் மனைவியை ஏற்க மறுத்தவர், மூலனின் பொறுப்பை மறுக்கவில்லை. யார் என்னும் வினாவுக்கு விடை, புகுந்த உடலின் கடமையை ஏற்பதில் இருக்கிறது என்று இதனைக் கொள்ளலாம்.

கூடு மாறிய எஞ்சினுக்கும் இதுவே அளவுகோல். 90 குதிரைத்திறனுக்கென அமைந்த பிரேக்கும் ரேடியேட்டரும் 195-ஐத் தாங்கா. எஞ்சினை மட்டும் மாற்றி அவற்றை விட்டுவிடுபவர் மூலனின் உடலை எடுத்துக்கொண்டு பசுக்களைக் காட்டில் கைவிட்டவர் ஆகிறார், அந்தப் பசுக்களின் இடத்தில் நிற்பவர்களோ சாலையில் எதிரே வரும் மனிதர்கள். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழல்வது. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீதே அது மிதக்கிறது. விரைந்து ஓட்டிவந்து உடனே எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று, சூட்டில் எஞ்சிய எண்ணெய் கருகி அச்சைக் கெடுக்கும். ஆகவே பழைய டர்போ கார்களில் சாவியை எடுத்த பின்னும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடும் கருவியைப் பொருத்துவர். அது இல்லாதவர் வாசலில் காரை நிறுத்தி, இருக்கையிலேயே ஒரு நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருப்பார். ஆற்றலைப் பெற்றவர் அதற்குச் செலுத்தும் மரியாதை அது.

2021 மார்ச் மாதம் வெளிவந்த பெரோடுவா அத்திவா, மூன்று சிலிண்டர் கொண்ட ஒரு லிட்டர் டர்போ எஞ்சினில் 98 குதிரைத்திறனைத் தொழிற்சாலையிலிருந்தே பெற்று வந்தது. அதன் உடலும் பிரேக்கும் அந்த எஞ்சினுக்கென்றே வகுக்கப்பட்டவை. 2024 டிசம்பரில் புரோட்டோன் வெளியிட்ட இ.மாஸ் 7 போன்ற மின்கார்களிலோ மூச்சே இல்லை. சாவியோடும் கணினியோடும் பிணைக்கப்பட்ட புதிய எஞ்சின்களை வேறு உடலுக்கு மாற்றுவதும் கடினமாகிவருகிறது. ஆயினும் பழைய வீராக்களும் கஞ்சில்களும் இன்னும் ஓடுகின்றன. திருமூலர் மறுநாள் தம் பழைய உடலைத் தேடியபோது, அது வைத்த இடத்தில் இல்லை. தமிழில் ஆகமப் பொருளைச் சொல்லும்படி இறைவனே அதை மறைத்தான் என்கிறது புராணம். ஹாஃப் கட்டாக வந்த எஞ்சின்களின் பழைய கார்களது பின்பாதியும் ஜப்பானில் என்றோ இரும்பாக உருக்கப்பட்டிருக்கும். அந்த எஞ்சின்கள் இனி ஓட வேண்டிய உடல் கெடாவில்தான் இருக்கிறது.